மொபைலில் வைஃபை வருகிறது, ஆனால் லேன் ஒயர் போட்ட கம்ப்யூட்டரில் மட்டும் இன்டர்நெட் நின்றுவிட்டது. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

மொபைலில் வைஃபை வருகிறது என்று நீங்களே எழுதிவிட்டதால் பாதி வேலை முடிந்தது. வெளியிலிருந்து வரும் லைன் சரி, மோடமும் உயிரோடு இருக்கிறது. கோளாறு மோடத்தின் லேன் போர்ட்டுக்கும் உங்கள் கம்ப்யூட்டருக்கும் நடுவில்தான். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, தமிழுக்கு ஒன்றை அழுத்திக் காத்திருக்க வேண்டாம்.

ஸ்கிரீனில் எதையும் மாற்றுவதற்கு முன்னால் சிபியுவின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். லேன் ஒயர் செருகும் இடத்தில் சின்னதாக ஒன்றோ இரண்டோ லைட் இருக்கும். அது எரிகிறதா? இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

மதுரையில் எங்கள் வீடு. ஐப்பசி மழை, ராத்திரியெல்லாம் இடி. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் இன்டர்நெட் இல்லை. யூடியூப் பார்த்து ஒன்றுவிடாமல் செய்தேன்: வெப்சைட் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் எண்ணை 8.8.8.8 ஆக்கினேன், நெட்வொர்க் ரீசெட் கொடுத்தேன், லேன் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். நெட்வொர்க் ரீசெட்டில், வீட்டிலிருந்தே ஆபீஸ் நெட்வொர்க்கில் சேரச் சேமித்து வைத்திருந்த விபிஎன் அமைப்பும் சேர்ந்து போனது தனிக் கதை. எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தேன் என்று எண்ணவில்லை. சாயங்காலம் விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடலாம் என்று பென் டிரைவைத் தேடும்போதுதான் லைன்காரத் தம்பி வந்து சேர்ந்தார். கீபோர்டைத் தொடவே இல்லை. "அண்ணே, பின்னாடி லைட்டு எரியலையே, பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை.

எங்கள் ஒயரைக் கழற்றித் தன் லேப்டாப்பில் செருகினார். அதில் லைட் வந்தது, இன்டர்நெட்டும் வந்தது. மோடம் சரி, ஒயர் சரி. எங்கள் கம்ப்யூட்டரின் லேன் போர்ட் இடியில் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, சுவரில் இருந்த பவர் பிளக்கையும் பிடுங்கினார். பிறகு சிபியுவின் பவர் பட்டனை இருபது நொடி போல அழுத்திப் பிடித்தார். மறுபடி பிளக்கைச் செருகியதும் லைட் பளிச்சென்று எரிந்தது. அவ்வளவுதான்.

மந்திரம் ஒன்றும் இல்லை. ஷட் டவுன் செய்த கம்ப்யூட்டரிலும் லேன் லைட் மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பிளக் செருகியிருக்கும் வரை பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் மதர்போர்டுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். நெட்வொர்க் வழியாகவே கம்ப்யூட்டரை எழுப்பும் வசதிக்காக லேன் சிப் அதை வைத்து அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்தச் சிப் ஏதாவது அதிர்ச்சியில் உறைந்துபோனால், ரீஸ்டார்ட் அதைத் தெளியவைக்காது. விண்டோஸ் தூங்கி எழுகிறது, சிப் உறைந்தபடியே இருக்கிறது. மின்சாரத்தை முழுக்க நிறுத்தினால்தான் அது புதிதாகத் தொடங்கும். லேப்டாப்பில் பிளக்கைப் பிடுங்கினால் போதாது, உள்ளே பேட்டரி இருக்கிறதே. அதனால்தான் அங்கே பட்டனை நீண்ட நேரம் அழுத்தச் சொல்வார்கள்.

ஆனால் இதையே எல்லாவற்றுக்கும் மருந்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி லைட் அணைந்தபோது நான் பெருமையாகப் பிளக்கைப் பிடுங்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. இந்த முறை கதவிடுக்கில் ஒயர் நசுங்கியிருந்தது. ஆகவே லைட் எரியவில்லை என்றால் முதலில் ஒயரின் இரண்டு முனையையும் கழற்றி, ‘டிக்’ சத்தம் கேட்கும்படி செருகுங்கள். முனையில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் ஒயர் உள்ளே நிற்காது, பார்வைக்குச் செருகின மாதிரியே இருக்கும். அடுத்து மோடத்தில் வேறு லேன் போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள், பிறகு வேறு ஒயர். அதற்கும் வழிக்கு வராவிட்டால் அந்தப் பிளக் வைத்தியம்.

ஒயரில் இன்னொரு வேடிக்கை உண்டு. உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும், 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கும் வேண்டும். ஒரு கம்பி அறுந்தாலும் சில சமயம் இணைப்பு சாகாமல் 100க்கு இறங்கி ஓடும். 300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டியும் கம்ப்யூட்டரில் 90ஐத் தாண்டவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் ஒயரை மாற்றிப் பாருங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தில் லிங்க் ஸ்பீட் என்று ஒரு வரி இருக்கும், அங்கே தெரிந்துவிடும்.

சரி, லைட் எரிகிறது, ஆனால் இன்டர்நெட் இல்லை என்றால்? அதே ஈதர்நெட் பக்கத்தில் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் உங்கள் கம்ப்யூட்டருக்கு உள்ள எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், மோடத்திடம் முகவரி கேட்டுப் பதில் வராததால் கம்ப்யூட்டர் தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. மோடத்தை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். யாராவது கையால் ஐபி எண் போட்டு வைத்திருக்கிறார்களா என்றும் பார்த்து, தானாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றுங்கள். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் முகவரி ஒழுங்காக வந்திருக்கிறது. அப்போது கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ping 8.8.8.8 என்று தட்டிப் பாருங்கள், வெளியே இருக்கும் அந்தச் சர்வரிடமிருந்து பதில் வருகிறதா என்று தெரியும். பதில் வந்தும் வெப்சைட் திறக்கவில்லை என்றால்தான் டிஎன்எஸ்ஸை மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. நான் முதல் நாளே அதில் கை வைத்தது கடைசிப் படியிலிருந்து ஏறத் தொடங்கிய கதை.

டிவைஸ் மேனேஜரில் லேன் கார்டே காணவில்லை, அல்லது மஞ்சள் முக்கோணம் இருக்கிறது என்றால் டிரைவரைப் போட வேண்டும். இன்டர்நெட் இல்லாமல் எப்படி இறக்குவது என்று கேட்காதீர்கள். மொபைலை யூஎஸ்பி ஒயரில் மாட்டி டெதரிங் போட்டால் அதுவே அப்போதைக்கு இன்டர்நெட் தரும்.

உங்கள் ஊரிலும் இடி இருந்திருந்தால் போர்ட் நிஜமாகவே எரிந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஃபைபர் கண்ணாடி இழைதானே, அதில் மின்சாரம் வராதே என்று நினைக்க வேண்டாம். மோடத்தின் அடாப்டர் வழியாக ஏறும் மின்சாரம் லேன் ஒயரைப் பிடித்து வந்துவிடும். வேறு ஒயர், வேறு போர்ட், பிளக் வைத்தியம் எல்லாம் பார்த்தும் லைட் வரவில்லை என்றால், மதர்போர்டையே மாற்றச் சொல்லும் கடைக்காரருக்குத் தலையாட்டாதீர்கள். யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் ஒன்றே போதும். வாங்கும்போது யூஎஸ்பி 3.0, 1000 எம்பிபிஎஸ் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.