‘மறந்துபோச்சு’ என்று சொல்லிவிட்டு வரலாமா?

கேள்வி: ஐயா, நிலாவெளியில் வீதியோரம் சின்னத் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறேன். போன வருஷம் கடைக்கு முன்னால் ஒரு லொறி, மோட்டார் சைக்கிளில் வந்த பெடியனை அடித்து அவனுக்குக் கால் முறிந்தது. பொலிஸ் என்னிடமும் வாக்குமூலம் எடுத்தது. இப்போது திருகோணமலை நீதவான் நீதிமன்றத்திலிருந்து சாட்சிக்கு அழைப்பாணை வந்திருக்கிறது. கோட்டுப் படி மிதித்தே பழக்கமில்லை. லொறிக்காரர் பக்கத்து ஆள் ஒருவர் கடைக்கு வந்து, “எல்லாம் மறந்துபோச்செண்டு சொல்லிப்போட்டு வாங்கோ அக்கா, அதோட முடிஞ்சுது” என்கிறார். போகாமல் விட்டால் என்ன? எந்த மொழியில் பேசுவது? என்ன உடுப்பது?
– வாசகி, நிலாவெளி

பதில்: தங்கச்சி, உடுப்பிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் சுலபம். கோயிலுக்கு உடுக்கிற மாதிரிச் சேலையோ அடக்கமான சட்டையோ போதும். புதுசு வாங்க வேண்டாம்.

போகாமல் விடுவது சரிவராது. அழைப்பாணை கிடைத்தும் வராத சாட்சிக்குப் பிடியாணை போடலாம். அன்றைக்குப் படுக்கையில் கிடந்தால் மருத்துவச் சான்றிதழை ஒருவர் கையில் கொடுத்தனுப்பி நீதிமன்றத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.

மொழிக்குப் பயப்படாதீர்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நீதிமன்ற மொழி. 1988இல் வந்த 16ஆவது திருத்தத்தோடு அது அரசியலமைப்பிலேயே தெளிவாக இருக்கிறது. யாராவது சிங்களத்தில் கேட்டால் மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் உண்டு. பாதி விளங்கின கேள்விக்குத் தலையாட்ட மட்டும் வேண்டாம். “விளங்கவில்லை ஐயா, திருப்பிக் கேளுங்கோ” என்றால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். நீங்கள் சொல்வதை ஒருவர் பதிவு செய்துகொண்டிருப்பார். அவருடைய கையைப் பார்த்து, அது நின்ற பிறகு அடுத்த வசனத்தைச் சொல்லுங்கள். முப்பது வருஷம் நீதிமன்ற இலிகிதராக இருந்தவன் சொல்கிறேன், வேகமாகப் பேசுகிற சாட்சியில் பாதி கடதாசிக்கு வந்து சேராது.

இனி அந்த ‘மறந்துபோச்சு’ விஷயம். உண்மையாகவே மறந்ததை மறந்தது என்று சொல்வதில் ஒரு குற்றமும் இல்லை. லொறியின் இலக்கம் நினைவில்லையா, “நினைவில்லை” என்று சொல்லுங்கள். தெரிந்துகொண்டே அப்படிச் சொன்னால் அது பொய்ச்சாட்சி. அதோடு, பொலிஸுக்கு நீங்கள் கொடுத்த வாக்குமூலம் கோப்பில் இருக்கிறது, அதைக் காட்டிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அந்த ஆள் திரும்ப வந்தால் தேத்தண்ணியைக் கொடுத்துக் காசை வாங்குங்கள், கதையை வாங்காதீர்கள். குரலை உயர்த்தினால் வழக்கை நடத்துகிற பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். சாட்சிகளை மிரட்டுவது 2015ஆம் ஆண்டின் சாட்சிப் பாதுகாப்புச் சட்டத்திலேயே குற்றம், 2023இல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டமும் வந்துவிட்டது. அடிபட்ட பெடியனின் தாய் அழுதுகொண்டு வந்து, “லொறி பறந்து வந்ததெண்டு சொல்லுங்கோ” என்றாலும் இதே கதைதான். பாவம் பார்த்துச் சொல்வதும் பொய்தான்.

முதல்நாள் இரவு பாடமாக்க வேண்டாம். ஒன்றை மட்டும் யோசியுங்கள்: அந்த நேரம் உங்கள் கையில் என்ன இருந்தது? தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தால் கண் கோப்பையில்தானே இருந்திருக்கும். அப்படியானால் நீங்கள் கேட்டது சத்தம், திரும்பிப் பார்த்தபோது பெடியன் கீழே கிடந்தான். மோதினதைக் கண்டது வேறு, மோதின பிறகு கண்டது வேறு. கடையில் நின்ற நாலு பேர் பிறகு சொன்னதெல்லாம் இந்த ஒரு வருஷத்தில் உங்கள் நினைவோடு கலந்திருக்கும். அதைப் பிரித்து வையுங்கள். சாரதியின் சட்டத்தரணி குறுக்கு விசாரணையில் தட்டிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

தூரம் கேட்டால் அடிக்கணக்குச் சொல்ல வெளிக்கிடாதீர்கள். பக்கத்து வளவு வேலி வழக்கொன்றில் நானே சாட்சி சொன்னேன். கிணற்றுக்கும் வேலிக்கும் இடையே “முப்பது அடி” என்றேன் பெரிய மனுசனாக. சட்டத்தரணி சிரித்தபடி, “இந்த மண்டபம் எத்தனை அடி நீளம்?” என்றார். நான் வருஷக்கணக்காகக் கோப்பு தூக்கித் திரிந்த மண்டபம்! வாய்க்கு வந்த ஒன்றைச் சொன்னேன். “பின்சுவரில் எழுதியிருக்கிறது, வாசியுங்கள்” என்றார். நான் சொன்னதில் பாதிகூட இல்லை. நீங்கள் “கடை வாசலிலிருந்து அடுத்த லைற் போஸ்ற் வரை” என்று சொல்லுங்கள், போதும்.

ஒன்பது மணிக்கு முன்னமே போய்விடுங்கள். திருகோணமலையில் நீதவான், மாவட்ட, மேல் நீதிமன்றங்கள் மூன்றும் இருக்கின்றன. அழைப்பாணையில் உள்ள பெயரையும் வழக்கு இலக்கத்தையும் வாசலில் காட்டிக் கேளுங்கள். அடையாள அட்டை அவசியம். போனை நிறுத்திவிடுங்கள். உங்கள் முறை வரும்வரை வெளியில்தான் இருக்க வேண்டும், மற்றச் சாட்சி சொல்வதை நீங்கள் கேட்கக் கூடாது. பெயர் கூப்பிடுகிற சத்தம் கேட்கும் தூரத்தில் நில்லுங்கள். (சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறந்தபடி வைத்துவிட்டுப் போகாதீர்கள், திருகோணமலைத் தெருவில் திரிகிற எங்கள் ஊர் மான்களுக்கு வடையும் ஒன்று, சுற்றின கடதாசியும் ஒன்று.) கூட்டில் ஏறியதும் சத்தியமோ உறுதியுரையோ எடுக்கச் சொல்வார்கள். கிறிஸ்தவர்கள் வேதாகமத்தில் சத்தியம் செய்வார்கள், சைவர்கள் உறுதியுரை எடுக்கலாம். பதிலை நீதவானைப் பார்த்துச் சொல்லுங்கள். “ஐயா” அல்லது “அம்மா” என்றாலே மரியாதைதான்.

காலையிலிருந்து காத்திருந்தும் வழக்குத் தவணை போகலாம், அது அடிக்கடி நடக்கிறது. சலித்துப்போய் பஸ்ஸைப் பிடிக்க ஓடாதீர்கள். அடுத்த திகதியை நீதிமன்றத்தில் வாயால் சொல்லிவிட்டாலே நீங்கள் வர வேண்டியதுதான், வீட்டுக்குப் புது அழைப்பாணை வரும் என்று பார்த்திருக்க முடியாது. திகதியைக் கேட்டு அழைப்பாணையின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டு படியிறங்குங்கள். அன்றைக்குக் கடை திறக்க ஆள் பிடிக்கவும் அது உதவும்.