ராஜினாமாவும் ஆய்வேடும்

அன்புள்ள ஐயா,

ஒன்பது வருடமாக ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். குறை சொல்ல முடியாத வேலை. மேலாளர் தங்கமானவர். மாலை ஆறு மணிக்கு மேல் யாரும் அழைப்பதில்லை. சம்பளம் ஒருநாளும் தேதி தவறியதில்லை. கூடவே பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வும் செய்கிறேன், இது ஐந்தாவது வருடம். தரவெல்லாம் சேகரித்தாயிற்று. இரண்டு இயல்கள் எழுதிவிட்டேன், மூன்று மிச்சம். சனிக்கிழமைகளில்தான் உட்கார முடிகிறது. போன வாரம் எங்கே விட்டேன் என்று கண்டுபிடிப்பதற்குள் மதியமாகிவிடுகிறது.

வேலையை விட்டால் ஆறே மாதத்தில் முடித்துவிடுவேன். ஒரு வருடம் தாங்கும் சேமிப்பு இருக்கிறது. வீட்டில் சொன்னால் பைத்தியமா என்கிறார்கள். வசதிக்குப் பழகிக் கோழையாகிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம். உண்மையைச் சொன்னால், இந்த வேலையில் புதிதாக எதையும் கற்றுக்கொண்டு மூன்று வருடமாகிறது. விடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இப்போதைக்கு விடாதீர்கள். உங்கள் வீட்டார் பயப்படுவதற்காகச் சொல்லவில்லை. என் காரணங்கள் வேறு.

முதலில் அந்த ஆறு மாதக் கணக்கு. ரோஜர் பியூலர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இளங்கலை இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. எல்லாமே சொதப்பினால்? 49 நாள். கடைசியில் ஆனது 55 நாள். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே விகிதத்தில் போனால் உங்கள் ஆறு மாதம் பத்து மாதத்தைத் தொடும். அதுவும் சமர்ப்பிக்கும் நாள் வரைக்கும்தான். பிறகு தேர்வாளர் அறிக்கை வர வேண்டும், திருத்தங்கள் செய்ய வேண்டும், வாய்மொழித் தேர்வுக்குத் தேதி கிடைக்க வேண்டும். அந்த மாதங்களில் உங்களுக்குப் பெரிதாக எழுத எதுவும் இருக்காது, காத்திருப்பதுதான் வேலை. சேமிப்பின் அடிமட்டம் தெரியத் தொடங்குவதும் சரியாக அப்போதுதான். பட்டம் கைக்கு வருமுன் கிடைத்த வேலையில் போய் விழ வேண்டிய நெருக்கடி எதற்கு?

இனி அந்தச் சனிக்கிழமை. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அதுதான். எட்டு மணிநேரம் கிடைத்தும் பாதி நாள் பழைய இடத்தைத் தேடுவதில் போகிறது என்றால், நேரம் குறைவு என்பதைவிட இடைவெளி அதிகம் என்பதே சரி. ஆறு நாள் தொடாத இயல் அந்நியமாகிவிடும். அடிக்குறிப்பு எதற்குப் போட்டோம் என்றே நினைவிருக்காது. அட்டவணையில் ஒரு பத்தியை ஏன் நீக்கினோம் என்று மின்னஞ்சலைத் தோண்ட வேண்டியிருக்கும். தினமும் அலுவலகத்துக்கு முன்னால் முக்கால் மணிநேரம் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். நாலு வரி எழுதினால் போதும். மூடும்போது, அடுத்து எழுத வேண்டிய வாக்கியத்தைப் பாதியில் விட்டு, கீழே 'இங்கே இரண்டாம் அட்டவணையோடு முரண்படுகிறது, விளக்கு' என்பது போல ஒரு குறிப்பைப் போட்டு வையுங்கள். சனிக்கிழமை காலை உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

ஆனால் எல்லா இயலும் இப்படித் துண்டு நேரத்துக்கு மசியாது. ஆய்வு முறையியலைத் துண்டு துண்டாகவே எழுதிவிடலாம், என்ன செய்தோம் என்பதை வரிசையாகச் சொன்னால் போதும். முடிவுகளை அட்டவணைகளிலிருந்து எடுத்து எழுதுவதும் அப்படித்தான். முடிவுகளுக்கு என்ன பொருள் என்று விவாதிக்கும் கருத்தாடல் இயல் வேறு ரகம். முழு ஆய்வையும் ஒரே சமயத்தில் தலையில் வைத்துக்கொண்டு எழுத வேண்டியது. அதற்கு மட்டும் தொடர்ச்சியாக ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். அதை ஊதியமில்லா விடுப்பாகக் கேளுங்கள், காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். தங்கமான மேலாளர் என்கிறீர்கள், அந்தத் தங்கத்தை ஒருமுறை உரைத்துப் பார்த்துவிடலாமே. ஒன்பது வருடம் வேலை பார்த்தவரை இழப்பதைவிட இரண்டு மாதம் சமாளிப்பது அவர்களுக்கும் லாபம்.

அதற்காக நிதானமாக முடிக்கலாம் என்றும் சொல்ல மாட்டேன். குயீன் இசைக்குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே, இசைக்காக 1974இல் விட்ட வானியல் ஆய்வை 2007இல் முடித்து முனைவர் ஆனார். கேட்க நன்றாக இருக்கிறது. அவர் எடுத்துக்கொண்டது சூரிய மண்டலத் தூசி. இடைப்பட்ட காலத்தில் அந்தத் துறையில் அதிகம் பேர் உழைக்கவில்லை, அதனால் அவருடைய பழைய தரவுக்கும் மதிப்பு இருந்தது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. உங்கள் தரவுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. அவசரப்பட வேண்டிய உண்மையான காரணம் அதுதான்.

கோழை என்பதெல்லாம் வேண்டாம். வேளைக்குச் சம்பளமும், மாலையில் உங்கள் தலையை உங்களிடமே விட்டுவைக்கும் வேலையும் ஆய்வாளருக்குக் கிடைத்த பெரிய உதவித்தொகை.

மூன்று வருடமாக எதுவும் கற்கவில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது தனி வழக்கு. அந்தச் சலிப்புக்காக நீங்கள் ஒருநாள் இந்த வேலையை விடத்தான் போகிறீர்கள் என்று தோன்றுகிறது, விடவும் வேண்டும். அதற்கு ஆய்வேட்டைச் சாக்காக வைக்காதீர்கள். வேலையை விட்ட பிறகும் எழுத்து நகரவில்லையென்றால் இரண்டின் மேலும் கசப்பு வந்துவிடும்.

என் பதில் மாறும் நிலைமை ஒன்று உண்டு. விடுப்பு கிடையாது என்று நிறுவனம் கைவிரித்து, பல்கலைக்கழகத்தில் உங்கள் பதிவுக் காலமும் முடியப்போகிறது, நீட்டிப்பும் இல்லை என்றால், விட்டுவிடுங்கள். ஐந்து வருட உழைப்பு காலாவதியாவதைவிட அது மேல். கடிதத்தில் அந்தத் தேதியை நீங்கள் குறிப்பிடவே இல்லை. இந்த வாரமே நெறியாளரிடம் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.