நல்ல ஓவியர் நல்ல ஓவிய ஆசிரியராகவும் இருக்க முடியுமா?

சொல்லிக்கொடுக்கப் போனால் சொந்தமாக வரைவது நின்றுபோகும் என்கிறார்களே, இரண்டிலும் தேறியவர் நம்ம பக்கம் யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு, கே.சி.எஸ். பணிக்கர். நானும் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியர்தான். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் சுற்றிச் சுற்றி அவரிடம்தான் வந்து நிற்பேன்.

1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்ப வேர் மலபாரில், பொன்னானி பக்கம். இளவயதிலேயே குடும்பப் பாரம் தலையில் விழ, படிப்பை விட்டுவிட்டுத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். பிறகு இன்சூரன்ஸ் பாலிசி பிடித்தார். ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தபோது வயது 25. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இன்சூரன்ஸ் காலத்தை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கென்னவோ பின்னாளில் அவர் செய்த பெரிய காரியத்துக்கு விதை அங்கேதான் விழுந்தது என்று தோன்றும். வீடு வீடாக ஏறி இறங்கியவருக்குத்தான் மாதக் கடைசி என்றால் என்னவென்று தெரியும்.

அவர் சேர்ந்தது எழும்பூர் பக்கம் இருக்கும் சென்னை அரசு ஓவியப் பள்ளி. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. பணிக்கர் படித்தபோது தலைமையில் இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் பாறையைப் புரட்டும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் என்றால் எல்லோருக்கும் தெரியும். 1941-ல் பணிக்கர் அங்கேயே ஆசிரியரானார். 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கம் தொடங்கினார். ராய் சௌத்ரி ஓய்வுபெற்றபின் 1957-ல் அந்த நாற்காலிக்கு வந்து, பத்து வருடம் இருந்தார்.

ஆசிரியர் வேலை அவருடைய கையைக் கட்டிப்போட்டதா? படங்களை வரிசையாகப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஆரம்பத்தில் கேரளத்துக் கால்வாய், தென்னை, வெயில் என்று நீர்வண்ண நிலக்காட்சிகள். கையில் அபாரமான சரளம். அதையே வரைந்துகொண்டு காலம் தள்ளியிருக்கலாம். 1954-ல் லண்டன், பாரிஸ் என்று படங்களோடு போய்வந்தார். அங்கே நவீன ஓவியத்தை நேரில் பார்த்துவிட்டு வந்தவருக்கு, அவர்களுடைய பாணியை எடுத்துப் போட்டுக்கொள்ளாமல் நாமும் நவீனமாக இருப்பது எப்படி என்ற கேள்வி விடாமல் குடைந்திருக்கிறது. பதில், 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை. தொடங்கும்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, கூடவே ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பு வேறு.

அந்த வரிசையில் ஒன்றின் முன்னால் நெருங்கி நின்று பாருங்கள். மங்கலான மஞ்சளோ மண் நிறமோ பூசிய பரப்பு. அதன்மேல் எறும்பு ஊர்வதுபோல் பொடிப்பொடியாக மலையாள எழுத்து. நடுவே ஜாதகக் கட்டம், அல்ஜீப்ரா சமன்பாடு மாதிரி ஏதோ ஒன்று, ஒரு மீன், ஒரு பறவை, பாம்புபோல் நெளியும் கோடு. ஒரு மாணவனின் கணக்கு நோட்டைப் பார்த்ததுதான் இதற்குத் தூண்டுதல் என்று சொல்வார்கள். மலையாளம் தெரிந்த நண்பரைக் கூட்டிப்போய்ப் படிக்கச் சொல்லிப் பிரயோசனமில்லை. படிப்பதற்காக எழுதியதே இல்லை அது. பழைய ஓலைச்சுவடியோ பஞ்சாங்கமோ கையில் எடுத்ததும், ஒரு வரி புரிவதற்கு முன்னாலேயே பக்கம் முழுக்க ஒரு அழகு தெரியுமே, அதைத்தான் பிடித்திருக்கிறார்.

இனி ஆசிரியர் பணிக்கர். ஓர் ஆசிரியரை எடைபோட என்னிடம் ஒரே ஒரு வழிதான்: மாணவர்கள் அவர் மாதிரியே வரைகிறார்களா என்று பார்ப்பேன். பணிக்கரிடம் படித்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஹரிதாசன் தாந்திரீக வடிவங்களுக்குப் போனார். விஸ்வநாதன் பாரிஸுக்கே போய்விட்டார். ஆதிமூலத்தின் கறுப்பு மைக் கோட்டுக்கும் பணிக்கருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. பொன்னானிக்காரரான டி.கே. பத்மினி வரைந்த பெண் உருவங்கள் முற்றிலும் வேறு உலகம். 1969-ல், முப்பது வயதுக்குள்ளேயே இறந்துபோனார், பாவம். சொந்த மகன் நந்தகோபால்கூட ஓவியத்தை விட்டுச் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் சிற்பம் செய்யப் போனார்.

ஆனால் அவருடைய பெரிய காரியம் வகுப்பறைக்கு வெளியே நடந்தது. அறுபதுகளில் சென்னையில் நவீன ஓவியம் வாங்க ஆளில்லை. படித்து முடித்த பையன்கள் விளம்பரக் கம்பெனிக்கோ துணி டிசைன் வேலைக்கோ போய்த் தூரிகையை மறந்துவிடுவார்கள். பணிக்கர் இதற்கு ஒரு வழி பண்ணினார். துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து, சாயத்தில் முக்கி, பிறகு மெழுகை எடுக்கும் பாத்திக் வேலை அப்போது நன்றாக விலைபோனது. மெழுகு வெடித்த இடத்தில் சாயம் இறங்கி மயிரிழைக் கோடுகள் ஓடும், அதற்கென்றே வாங்குவார்கள். பாத்திக், உலோகத் தகடு, மண்பாண்டம் என்று கைவினைப் பொருள்கள் செய்து விற்பது, மிச்ச நேரத்தில் யாருக்கும் பதில் சொல்லாமல் வரைவது என்பது ஏற்பாடு. அந்தக் கைவினைக் காசில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் கடலை ஒட்டி நிலம் வாங்கி, 1966-ல் ஓவியர்கள் ஒன்றாகக் குடியிருந்து வேலை செய்யும் சோழமண்டல ஓவியர் கிராமம் எழுந்தது. இன்று அந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலை மனையின் மதிப்பை நினைத்தால் தலைசுற்றும். அன்றைக்கு வெறும் மணலும் சவுக்கும்.

வேலைக்குப் போக முடியாதவர்களுக்கும் அங்கே இடம் இருந்தது. ராமானுஜம் என்று ஒரு மாணவர். பேச்சும் தடுமாறும், மனமும் சரியில்லை. தலையில் தொப்பியோடு அலைவார். பேனாவும் மையுமாக அவர் வரைந்த மாயக் கோட்டைகளிலும் அதே தொப்பிக்காரர் உலாவுவார். அவரை அரவணைத்துக் கூடவே வைத்திருந்தவர் பணிக்கர். 1973-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார் ராமானுஜம். வேறு எந்த ஓவியப் பள்ளியாக இருந்திருந்தாலும் அவருடைய பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்காது.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கிராமத்தில் ஆண்களே நிறைய. பெண் ஓவியர் என்றால் அர்ணவாஸ் போல விரல்விட்டு எண்ணும் அளவுதான். நம் மரபிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்ற பிடிவாதம் கொஞ்சம் அதிகமாகப் போய், எழுத்தும் தாந்திரீக யந்திரக் கட்டமும் போட்டால் போதும், 'இந்திய நவீனம்' ஆகிவிடும் என்று நினைத்தவர்களும் பின்னால் வந்தார்கள். அதற்குப் பணிக்கரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை, அவர் 1977-லேயே காலமாகிவிட்டார்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் சோழமண்டலத்திலேயே சென்னை ஓவிய இயக்கத்துக்கென்று அருங்காட்சியகம் இருக்கிறது. ஆசிரியர், மாணவர் இருவர் படங்களையும் அங்கே ஒருசேரப் பார்க்கலாம். பணிக்கருடைய படங்கள் மட்டும் போதும் என்றால் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரிலேயே தனிக்கூடம் உண்டு. ஈஞ்சம்பாக்கம் போனால் ஒன்று மட்டும் கவனம்: சுற்றியிருக்கும் வீடுகள் ஓவியர்கள் குடும்பத்தோடு குடியிருப்பவை, எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள்.