மாட்டுக் கொட்டகையில் போதகருக்கு என்ன வேலை? கேட்டவர்களுக்குப் பதில்

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் இருக்கிறேன். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கோடையில் நடக்கும் விவசாயக் கண்காட்சிகளில் சாப்ளின் (போதகர்) குழுவோடு தன்னார்வலராக நிற்கிறேன். ஆஸ்பத்திரியிலும் ராணுவத்திலும் போதகர் இருப்பதுபோல, இது ஆடுமாடுகளோடு வரும் விவசாயிகளுக்கு. கேள்விகள் குவிந்துவிட்டதால் மொத்தமாகப் பதில் போடுகிறேன்.

அக்கா, அங்கே ஜெபக்கூட்டமா நடத்துவீங்க? (திருநெல்வேலி)

சில இடங்களில் சின்னதாக ஓர் ஆராதனை உண்டு, வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்ற நேரமெல்லாம் நடைதான் தம்பி. ஹாரோகேட்டில் நடக்கும் கிரேட் யார்க்‌ஷயர் ஷோ, வேல்ஸில் ராயல் வெல்ஷ் ஷோ, இரண்டுமே ஜூலையில், நான்கு நான்கு நாள். மாடு கொண்டுவருகிறவர்கள் பலர் அத்தனை நாளும் மைதானத்திலேயே தங்கி, விடிகாலையில் மாட்டுக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, காற்றடிக்கும் மெஷினால் ரோமத்தை உலர்த்தி, வால் குஞ்சத்தைச் சீவிப் புடைக்க வைத்து, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு போட்டிக்கு இறங்குவார்கள். அந்த நேரத்தில் போய் "எப்படி இருக்கீங்க" என்று நின்றால் திட்டுதான் விழும். போட்டி முடிந்து, தோற்ற மாட்டைக் கட்டிவிட்டு, வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து டீ குடிப்பார்களே, அப்போது போங்கள். மாட்டைப் பற்றிக் கேளுங்கள்: வயசென்ன, தாய் எது, எத்தனையாவது ஈத்து. கால் மணி நேரம் மாட்டுப் பேச்சு ஓடிய பிறகு, மகன் பண்ணைக்குத் திரும்ப மாட்டேன் என்கிறான் என்பது தானாக வரும். இங்கே முதல் பரிசுக்குச் சிவப்பு ரிப்பன், நீலம் இரண்டாவது. அதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் வந்து நீலத்தைப் பார்த்து "ஃபர்ஸ்ட்டா?" என்று கேட்காதீர்கள்.

அப்புறம் பூட்ஸ். ஒரு பண்ணைச் சேற்றோடு அடுத்த இடத்துக்குப் போகாதீர்கள். தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் முக்கி எடுத்த பிறகுதான் கிளம்ப வேண்டும்.

சம்பளம் எவ்வளவு? (துபாய்)

கிடையாது. டீ கிடைக்கும்.

பணக்கார நாட்டு விவசாயிக்கு அப்படி என்ன கஷ்டம்? (சென்னை)

மாட்டுக் காசநோய் என்று ஒன்று இருக்கிறது. ஒரு மாடு சோதனையில் சிக்கினால் அது அறுப்புக்குப் போகும், மந்தை முழுக்கப் பூட்டு விழும். வழக்கமாக 60 நாள் இடைவெளியில் இரண்டு சோதனை தேறினால்தான் பூட்டு திறக்கும், நடுவில் ஒன்று சிக்கினால் மறுபடி முதலிலிருந்து. கண்காட்சிக்கு மாட்டை ஓட்டிவர முடியாது. ஆனால் மனசு கேட்காமல் ஆள் மட்டும் வருவார். சுருட்டின கேட்டலாக்கோடு கொட்டகை வரிசையில் மற்றவர் மாடுகளை ஒவ்வொன்றாக நின்று பார்ப்பார், தொட மாட்டார். நான் தேடிப் போவது அவரைத்தான்.

2001-இல் கோமாரி வந்தபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். பக்கத்துப் பண்ணையில் நோய் வந்தது என்பதற்காகப் போனவை எத்தனையோ. அந்த வருஷம் மேலே சொன்ன இரண்டு கண்காட்சியும் நடக்கவில்லை. பூட்ஸ் பூட்ஸ் என்று நான் கத்துவது இதனால்தான்.

மனசு உடைந்தவனைத் தேடிப் போய்ப் பேசுவது, மதமாற்றம் இல்லாமல் வேறென்ன? (மதுரை)

கேட்க வேண்டிய கேள்விதான். ஜெபம் என்ற பேச்சை நாங்களாக எடுப்பதில்லை, அவர் கேட்டால் உண்டு. எங்கள் குழுவில் துண்டுப் பிரசுரம் நீட்டுகிறவருக்கு இடமில்லை. கஷ்டத்தில் இருக்கும் விவசாயிகளுக்குக் கைகொடுக்க 1995-இல் தொடங்கிய ஃபார்மிங் கம்யூனிட்டி நெட்வொர்க்கைக் கிறிஸ்தவ அமைப்புகள்தான் ஆரம்பித்தன, ஆனால் உதவி யாருக்கும் உண்டு, சாமி இல்லை என்பவருக்கும்.

அப்போ போதகர் கழுத்தில் போடும் வெள்ளைக் காலர் எதுக்கு? சமூக சேவகர் போதுமே. (அதே மதுரை)
சுவிசேஷம் சொல்லாத ஊழியம் ஊழியமே அல்ல, சகோதரி. (நாகர்கோவில்)

இரண்டு பேரும் இரண்டு பக்கமிருந்தும் என்னையே அடிக்கிறீர்கள், சரி. கண்காட்சி மைதானத்தில் அந்த விவசாயியிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று ஆக வேண்டியிருக்கிறது. டிராக்டர்காரர், தீவனக்காரர், இன்சூரன்ஸ், பேங்க், அரசாங்க ஆள். காலர் போட்டவர் இவர்களில் யாருமில்லை என்று தூரத்திலிருந்தே தெரியும், மதுரைக்காரரே, காலருக்கு அவ்வளவுதான் உபயோகம். நாகர்கோவில் அண்ணாச்சி, நாமும் எதையோ விற்க வந்தவர்தான் என்று அவருக்குப் பட்டுவிட்டால் அடுத்த வருஷம் நம்மைக் கண்டதும் கொட்டகையின் மறுபக்கம் வழியாகப் போய்விடுவார். எனக்கும் விசுவாசம் உண்டு. அதை அவர் கேட்காமல் அவிழ்ப்பதில்லை. இதற்கு மேல் நீங்கள் இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

இதை வைத்து விசா கிடைக்குமா? சம்பளம் உண்டா? (மூன்று பேர்)

கிடைக்காது. இல்லை. மேலே படித்துவிட்டுக் கேளுங்களப்பா.

பருத்தி பொய்த்ததிலிருந்து சித்தப்பா யாரோடும் பேசுவதில்லை. இங்கே கேட்கலாமா தெரியவில்லை. (பெரம்பலூர்)

கேட்கலாம். இன்றைக்கே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். கடன் கணக்கை முதலில் எடுக்காதீர்கள். கொஞ்சம் பேசிய பிறகு, "சாகணும்னு தோணுதா சித்தப்பா" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் தலை குனிந்தாலோ தனியாக விடாதீர்கள், பூச்சி மருந்தை வீட்டைவிட்டு எடுத்துவிடுங்கள். 104 அல்லது 14416-க்கு அழையுங்கள், இரண்டிலும் தமிழில் பேசுவார்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

அவர்கள் சொல்வதெல்லாம் ரகசியமா? (கோவை)

ஆமாம். உயிருக்கோ ஒரு குழந்தைக்கோ ஆபத்து என்றால் ரகசியம் இல்லை, அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

லெஸ்டரில் இருக்கிறேன், சேர முடியுமா? எனக்குப் பண்ணை அனுபவம் இல்லை.

முடியும். உங்கள் பகுதி மறைமாவட்டத்தில் கிராமப்புறப் பொறுப்பாளர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள், இல்லையென்றால் மேலே சொன்ன நெட்வொர்க்குக்கு எழுதுங்கள். டிபிஎஸ் என்ற பின்னணிச் சரிபார்ப்பு, கொஞ்சம் பயிற்சி, இரண்டும் கேட்பார்கள். அதற்குள் பக்கத்துக் கால்நடைச் சந்தைக்கு ஒரு நாள் போய், யாரிடமும் எதுவும் பேசாமல் ஏலத்தை முழுசாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.