நாலு மணி நேரம் பந்து தட்டினால் சன் ஆகிவிடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. கால்பந்து என்றால் உயிர். தென்கொரிய வீரர் சன் ஹியூங்-மின்னை அவருடைய அப்பா சிறுவயதில் டீமில் சேர விடாமல், மணிக்கணக்காகப் பந்தைத் தட்ட வைத்தே வளர்த்தார் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அதிலிருந்து இவனை டோர்னமென்ட்டுக்கு அனுப்புவதில்லை. நாலு மாதமாக மொட்டை மாடியில் தினமும் இரண்டு மணி நேரம் பந்து கீழே விழாமல் தட்டச் சொல்கிறேன். விழுந்தால் முதலிலிருந்து. இப்போது பந்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மனைவி என்னைக் கொடுமைக்காரன் என்கிறார். அடுத்த வருடம் பள்ளியை நிறுத்திவிட்டு முழுநேரப் பயிற்சியில் சேர்க்கலாமா என்றும் யோசனை. நான் செய்வது சரிதானா?
– பெயர் வெளியிட விரும்பாத தந்தை

பதில்: முதலில் உங்கள் மனைவியிடம் ஒரு சாரி சொல்லிவிட்டு வாருங்கள். அப்புறம் பேசலாம்.

நீங்கள் பார்த்த வீடியோ பொய் சொல்லவில்லை, பாதியை விட்டுவிட்டது. பத்து வயது வாக்கில் அப்பா நாலு மணி நேரம் பந்து தட்ட வைத்ததை சன்னே பேட்டியில் சொல்லியிருக்கிறார். மூன்று மணி நேரம் ஆனதும் ஒரு பந்து மூன்றாகத் தெரிந்ததாம், தரையெல்லாம் சிவப்பாகத் தெரிந்ததாம். ஆனால் அன்று மைதானத்தில் அவர் மட்டும் இல்லை, அவருடைய அண்ணனும் பக்கத்தில் நின்று தட்டினார். அதே அப்பா, அதே பந்து, அதே நாலு மணி நேரம். அந்த அண்ணன் என்ன ஆனார் என்று வீடியோவில் சொன்னார்களா? ஜெர்மனியில் கீழ்நிலை லீக் ஒன்றில் கொஞ்ச காலம் ஆடிவிட்டு ஊர் திரும்பி, அப்பாவின் அகாடமியில் கோச் ஆனார். அது மரியாதையான வேலைதான். ஆனால் பந்து தட்டுவதுதான் சூத்திரம் என்றால் அந்த வீட்டிலிருந்து இரண்டு சன் வந்திருக்க வேண்டும் இல்லையா?

அந்த அப்பா யார் என்பதும் முக்கியம். சன் வூங்-ஜங் தானே ஒரு தொழில்முறை ஃபார்வர்டு. குதிகால் தசைநாரில் காயம்பட்டு 28 வயதிலேயே ஆட்டத்தை விட்டவர், அதன் பிறகு கூலி வேலைகூடப் பார்த்தவர். தான் மூன்றாந்தர ஆட்டக்காரன் என்று அவரே சொல்லிக்கொள்வார். அடிப்படை சரியில்லாததால்தான் அப்படி ஆனோம் என்பது அவர் கணக்கு. கொரியப் பள்ளி அணிகளுக்குக் கோப்பை வேண்டும். கோப்பைக்காகச் சிறுவர்களை ஓட வைப்பார்களே தவிர, பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. அதனால்தான் நடுநிலைப் பள்ளி வரை மகன்களை அந்த ஓட்டத்தில் விடாமல், ஊரான சுன்சனில் தானே பயிற்சி கொடுத்தார். கொடுத்தார் என்றால், கூடவே இறங்கிச் செய்தார். நீங்கள் மாடியில் என்ன செய்கிறீர்கள்? நாற்காலி போட்டு எண்ணிக்கொண்டிருக்கிறீர்களா?

அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது வேறொன்று. சன் வலதுகால்காரர். இடது காலும் சமமாகப் பழக வேண்டும் என்பதற்காக சாக்ஸ் போடுவதா, ஷூ லேஸ் கட்டுவதா, எல்லாமே இடது காலில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று பழக்கினார். யாருக்கும் வலிக்காது, யாரும் அழ வேண்டாம். பலன்? 2021-22 இங்கிலாந்து பிரீமியர் லீக் சீசனில் சன் 23 கோல் அடித்து, எகிப்து வீரர் முகமது சலாவுடன் சேர்ந்து, அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் விருதை வாங்கினார். அதில் 12 இடது காலால், 11 வலது காலால். ஒன்றுகூட பெனால்டி இல்லை. ஆசியாவிலிருந்து போன ஒருவர் அந்த விருதை வாங்கியது அதுதான் முதல் முறை. அந்தச் சமயத்திலும் அப்பாவிடம் கேட்டதற்கு, என் மகன் இன்னும் உலகத்தரம் இல்லை என்றார். (இதை மட்டும் உங்கள் வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம்.)

தினமும் ஆயிரம் ஷாட் அடித்த கதையும் உண்டு, அடுத்த வீடியோவில் அது வரும், அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன். அது 2011 கோடை. ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்பில் முதல் சீசனை முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்தபோது பெனால்டி ஏரியாவின் இரண்டு ஓரங்களிலிருந்தும் அடித்துப் பழகினார். பின்னாளில் ‘சன் ஸோன்’ என்று கொரியர்கள் பெயர் வைத்தது அந்த இடங்களுக்குத்தான். அப்போது அவருக்கு 18-19 வயது, எலும்பு முற்றிய உடம்பு. அதற்கு முன் நெடுநாள் ஷூட்டிங் பயிற்சிக்கே அப்பா விடவில்லை, வளரும் முட்டி தாங்காது என்று. அந்த எச்சரிக்கையைக் கடன் வாங்குங்கள்.

பள்ளி விஷயம். சன் படிப்பை விட்டது 16 வயதில், 2008-ல். கொரியக் கால்பந்து சங்கம் வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பிய சிறுவர்களில் ஒருவராக ஹாம்பர்க் கிளப்புக்குப் போனார். அதாவது, கையில் இடம் கிடைத்த பிறகுதான் உயர்நிலைப் பள்ளியை விட்டார். இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஏழாம் வகுப்பை விடவில்லை. போன இடத்திலும் படிப்பு நிற்கவில்லை. டிவியில் ‘ஸ்பாஞ்ச்பாப்’ கார்ட்டூன் பார்த்துப் பார்த்து ஜெர்மன் கற்றுக்கொண்டார். 2010 அக்டோபரில், 18 வயதில், கொலோன் அணிக்கு எதிராக, ஜெர்மனியின் முதல்நிலை லீகான பண்டஸ்லீகாவில் முதல் கோல். பிறகு இன்னொரு ஜெர்மன் கிளப்பான லெவர்குசென், 2015-லிருந்து இங்கிலாந்தின் டாட்டன்ஹாமில் பத்து வருடம், 173 கோல்.

இதில் எந்த அப்பாவாலும் திட்டமிட முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. கொரிய ஆண்களுக்கு ராணுவச் சேவை கட்டாயம், இரண்டு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. விளையாட்டு வீரருக்கு விலக்கு வேண்டுமானால் ஒலிம்பிக் பதக்கமோ ஆசிய விளையாட்டில் தங்கமோ வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கொரியா வெண்கலம் வென்றது, அணியில் சன் இல்லை. 2014-ல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில், சொந்த மண்ணில் தங்கம். லெவர்குசென் அவரை அனுப்ப மறுத்துவிட்டது. 2016 ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் ஹோண்டுராஸிடம் 0-1, மைதானத்திலேயே அழுதார். 2018-ல் இந்தோனேசிய ஆசிய விளையாட்டுதான் கடைசி வாய்ப்பு மாதிரி. அங்கே லீக் சுற்றில் மலேசியாவிடம் 1-2 என்று தோற்றுத் தொலைத்தார்கள்! எப்படியோ தேறி, இறுதியில் ஜப்பானை கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்றார்கள். இரண்டு கோலுக்கும் பந்தைக் கொடுத்தவர் சன். அன்று தோற்றிருந்தால், உச்சத்தில் இருந்த ஃபார்வர்டு கிளப்பை விட்டு ராணுவச் சேவைக்குப் போக வேண்டிவந்திருக்கலாம். பர்ன்லிக்கு எதிராகத் தன் பெனால்டி ஏரியா பக்கத்திலிருந்து தனியாக ஓடி அடித்த, ஆண்டின் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருது வாங்கிய கோல் 2019 டிசம்பரில் வந்தது. அந்தக் கோலே இல்லாமல் போயிருக்கலாம். விலக்கு கிடைத்ததால் பட்டாள வாழ்க்கை 2020-ல் ஜேஜு தீவில் மூன்று வார மரைன் படைப் பயிற்சியோடு முடிந்தது.

இன்னொன்றும் வீடியோவில் வந்திருக்காது. 2024-ல் அந்த அகாடமியில் பயின்ற சிறுவன் ஒருவனின் குடும்பம் புகார் கொடுத்து, சன்னின் அப்பாவும் கோச்சுகளும் சிறுவர் துன்புறுத்தல் வழக்கைச் சந்தித்து அபராதம் கட்ட வேண்டிவந்தது. அண்ணனும் அதில் ஒருவர். வசவும் கண்டிப்பும் அன்பால்தான் என்பது அப்பாவின் தரப்பு. உங்கள் கேள்விக்கான பதிலில் இதை மறைத்தால் நான் சரியான ஆள் இல்லை. ஒரு காலத்தில் ‘அப்பா அப்படித்தான்’ என்று சிரித்துச் சொல்லப்பட்டதை, இன்று கொரியாவிலேயே கோர்ட் கேட்கிறது.

சரி, என்ன செய்யலாம்? பள்ளியை நிறுத்தாதீர்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. டோர்னமென்ட்டுக்கு அனுப்புங்கள். 11 வயதுப் பையன் ஃப்ரெண்ட்ஸோடு ஆடித் தோற்று, வண்டியில் வரும்போது ரெஃப்ரியைத் திட்டிக்கொண்டு வர வேண்டும். பந்து தட்டுவது இருக்கட்டும், இருபது நிமிடம் போதும். விழுந்தால் எடுத்துத் தொடரட்டும், முதலிலிருந்து வேண்டாம். இடது கால் சாக்ஸ் பழக்கத்தை வேண்டுமானால் நாளைக் காலையே ஆரம்பியுங்கள், அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொள்வான்.

இரண்டு வாரம் மாடிக்கே போகாதீர்கள். அதன் பிறகு அவனாக வந்தால், நீங்களும் ஒரு பந்தோடு எதிரில் நில்லுங்கள். நீங்கள் எத்தனை தட்டினீர்கள், அவன் எத்தனை தட்டினான் என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் எண்ணிக்கை பத்தைத் தாண்டாது என்பது என் கணிப்பு.