கேள்வி – பதில்: நல்லிணக்க அமைப்பின் நிர்வாகக் குழுவில் சேரும் முன்

ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களுடனான நல்லிணக்கத்துக்காக உழைக்கும் உள்ளூர் அமைப்புகள் பலவும் சம்பளமில்லாத நிர்வாகக் குழுக்களை நம்பித்தான் ஓடுகின்றன. அந்தக் குழுக்களில் சேர அழைப்பு வந்தவர்களும், சேர்ந்துவிட்டுத் திணறுபவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

நான் கணக்காளர். எங்கள் பகுதி நல்லிணக்க அமைப்பில் பொருளாளராக வரச் சொல்கிறார்கள். "மாதம் ஒரு கூட்டம்தான்" என்கிறார்கள். சம்மதம் சொல்லும் முன் என்ன பார்க்க வேண்டும்?
– வாசகி, வென்ட்வொர்த்வில்

"மாதம் ஒரு கூட்டம்தான்" என்று சொன்னவர் பொருளாளராக இருந்திருக்க வாய்ப்பில்லை. கூட்டம் இரண்டு மணி நேரம். அதற்கு முந்தைய வாரத்தில் கணக்கு தயாரிக்கும் வேலைதான் உங்கள் தலையில் விழும்.

முதலில் அமைப்பின் சட்ட வடிவத்தைக் கேளுங்கள். மாநிலச் சட்டத்தில் பதிவான சங்கமா, உத்தரவாத வரம்புள்ள கம்பெனியா, அல்லது பூர்வகுடி நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுக் கேட்ஸி சட்டத்தின் கீழ், அவற்றைப் பதிவுசெய்யும் ஓரிக் அலுவலகத்தில் பதிவான நிறுவனமா? கடைசி இரண்டில் ஒன்று என்றால், பதவியேற்கும் முன்பே டைரக்டர் ஐடி என்ற இயக்குநர் அடையாள எண் எடுத்திருக்க வேண்டும். 15 இலக்க எண், கட்டணம் கிடையாது, ஆயுள் முழுக்க ஒரே எண். சாதாரண மாநிலச் சங்கத்தின் கமிட்டி உறுப்பினருக்குப் பொதுவாக இது தேவைப்படாது.

அடுத்து, தொண்டு அமைப்புகளை மேற்பார்க்கும் ஏ.சி.என்.சி. ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் அமைப்பின் பெயரைத் தேடுங்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஆண்டுத் தகவல் அறிக்கைகள் காலத்தில் போயிருக்கின்றனவா, நிர்வாகிகள் பட்டியலில் இன்னும் பழைய ஆட்களின் பெயரே நிற்கிறதா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய பெயர்கள் அப்படியே இருந்தால் வீடு ஒழுங்காக இல்லை என்று அர்த்தம்.

பிறகு ஐந்து காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்: அமைப்பு விதிகள், கடந்த 12 மாத மினிட்ஸ், கடைசி ஆண்டுக் கணக்கு, இன்ஷூரன்ஸ் சான்றிதழ், நடப்பில் உள்ள மானிய ஒப்பந்தங்கள். இன்ஷூரன்ஸில் பொதுப் பொறுப்புக் காப்பீடு மட்டும் போதாது. நிர்வாகிகளின் முடிவுகளுக்கான பொறுப்புக் காப்பீடும், தொண்டர்களுக்கான விபத்துக் காப்பீடும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

"சம்பளமே வாங்கவில்லை, நமக்கென்ன பொறுப்பு" என்ற நினைப்பு ஆபத்தானது. விபத்துத் தடுப்புக்கான தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலின் விக்டோரியா கிளை கடனில் மூழ்கிய வழக்கில், ஊதியம் பெறாத கௌரவத் தலைவரே ஏறக்குறைய 9.7 கோடி டாலருக்குத் தனிப்பட்ட முறையில் பொறுப்பு என்று 1991-இல் தீர்ப்பானது. கணக்கறிக்கையைச் சரிவரப் பார்க்காமல் கையெழுத்திட்டதுதான் அவரைப் பிடித்த இடம். உள்ளூர் அமைப்பில் அவ்வளவு பெரிய தொகை வராது, நிஜம்தான். ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் எங்கும் ஒன்றுதான்.

கடைசியாக ஒரு கேள்வி, நேராகவே கேட்கலாம்: குழுவில் பூர்வகுடி உறுப்பினர்கள் எத்தனை பேர், தலைமைப் பொறுப்பு பகிரப்படுகிறதா? பல நல்லிணக்க அமைப்புகளில் பூர்வகுடியினர் ஒருவரும் மற்றவர் ஒருவருமாக இணைத் தலைவர்கள் இருப்பார்கள். "ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்" என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் பதிலாக இருந்தால், யோசித்துச் சேருங்கள்.

பொருளாளர் தவறவிடக்கூடாத தேதிகள் எவை? வழக்கமாக எங்கே சிக்கல் வருகிறது?
– வாசகர், டாண்டினாங்

நிதியாண்டு ஜூன் 30-இல் முடிந்தால், ஏ.சி.என்.சி.க்கான ஆண்டுத் தகவல் அறிக்கை டிசம்பர் 31-க்குள் போக வேண்டும். ஆண்டு வருவாய் 5 லட்சம் டாலருக்குக் கீழே என்றால் சிறிய அமைப்பு. அதற்குமேல் 30 லட்சத்துக்குக் கீழே நடுத்தரம். 30 லட்சமும் அதற்கு மேலும் பெரியது. சிறியது நிதியறிக்கை இணைக்க வேண்டியதில்லை. நடுத்தரத்துக்கு மறுஆய்வோ தணிக்கையோ, பெரியதற்குத் தணிக்கை. நிர்வாகி மாறினால் சிறிய அமைப்பு 60 நாளுக்குள்ளும், மற்றவை 28 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். சங்கம் என்றால் பொதுக்குழுவுக்கும் கெடு உண்டு: நிதியாண்டு முடிந்து விக்டோரியாவில் 5 மாதம், நியூ சவுத் வேல்ஸில் 6 மாதம். கணக்கு ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருங்கள்.

தேதி தவறினால் சரிசெய்துகொள்ளலாம். மானியப் பணம் வேறு செலவுக்குப் போய்விட்டால்தான் மீள்வது கடினம். வங்கியில் 84,000 டாலர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 61,000 பள்ளிகளுக்கான கலாசார வகுப்புகளுக்கென்றே அரசு கொடுத்தது. இன்னொரு 9,000 ஊழியரின் விடுப்புக்கும் ஜி.எஸ்.டி.க்கும் கட்ட வேண்டியது. ஆக, குழு தன் விருப்பப்படி தொடக்கூடியது 14,000 மட்டுமே. கூட்டத்தில் 84,000 என்ற ஒற்றை எண்ணைக் காட்டினால், "இவ்வளவு இருக்கிறதே, நிகழ்ச்சியைப் பெரிதாகவே செய்வோம்" என்று யாராவது சொல்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆண்டு முடிவில் மானியக் கணக்கு ஒப்படைக்கும்போது குழி தெரியும். ஆகவே மாதாந்திர அறிக்கையின் முதல் வரியிலேயே மூன்று எண்களையும் பிரித்துக் காட்டுங்கள். மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்தால் இன்னும் நல்லது.

ரசீது விஷயத்திலும் கவனம். தொண்டு அமைப்பாகப் பதிவாவது வேறு, நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் டி.ஜி.ஆர். தகுதி வேறு. அந்தத் தகுதி இல்லாமலே "வரிவிலக்கு உண்டு" என்று ரசீதில் அச்சிட்டுவிடும் அமைப்புகள் உண்டு. தகுதி இருந்தால்தான் நன்கொடைக்குக் கழிவு கிடைக்கும்.

விழாவுக்கு ஒரு பூர்வகுடி மூத்தவரை அழைத்து, தங்கள் மண்ணுக்கு வரவேற்கும் 'வெல்கம் டு கன்ட்ரி' சொல்லவைத்தோம். 600 டாலர் தருவதாகப் பேச்சு. அவரிடம் ஏ.பி.என். (தொழில் பதிவு எண்) இல்லை. எப்படிக் கொடுப்பது?
– செயலாளர் ஒருவர், பிரிஸ்பேன்

முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஏ.பி.என். தராதவருக்கு 75 டாலருக்கு மேல் கொடுக்கும்போது, விதிவிலக்கு எதுவும் பொருந்தாவிட்டால் 47 சதவீதம் பிடித்து வரி அலுவலகத்துக்குக் கட்ட வேண்டும். 600 டாலரில் 282 போய், அந்த மூத்தவர் கையில் 318தான் வந்து சேரும். விழா முடிந்த பிறகு இதைச் சொன்னால் அவமானப்படுத்தியதுபோல் ஆகும். அடுத்த முறை அவரும் வரமாட்டார், அவர் உறவினரும் வரமாட்டார்.

இதற்கு வரி அலுவலகத்தின் 'வழங்குநர் அறிக்கை' என்ற படிவம் இருக்கிறது. ஏன் ஏ.பி.என். சொல்லவில்லை என்பதற்கான காரணத்தை அவர் குறித்துக் கையெழுத்திட்டுத் தந்தால், பிடித்தம் இல்லாமல் முழுத் தொகையும் தரலாம். காரணத்தை அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் நிரப்பிவைத்து "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று நீட்டாதீர்கள். தொடர்ந்து இதைத் தொழிலாகவே செய்பவர் என்றால் அவர் ஏ.பி.என். எடுப்பதே சரி, அதற்கும் கட்டணம் இல்லை. சென்டர்லிங்க் வழியாக அரசு உதவித்தொகை பெறுபவருக்கு இந்தத் தொகை வருமானமாகக் கணக்கில் வரலாம் என்பதால், தொகையை எழுத்தில் முன்பே தெரிவியுங்கள். கைக்காசாகக் கொடுத்து முடித்துவிடுவோம் என்ற யோசனை வேண்டாம். கணக்கிலும் நிற்காது, அவருக்கும் பாதுகாப்பில்லை.

வரவேற்புச் சொல்லும் உரிமை அந்த மண்ணின் பாரம்பரிய உரிமையாளர்களுக்கு மட்டுமே. மண்ணை மதித்து நினைவுகூரும் 'அக்னாலெட்ஜ்மென்ட்' யார் வேண்டுமானாலும் சொல்லலாம். யாரை அழைப்பது என்பதை நீங்களே இணையத்தில் தேடி முடிவு செய்ய வேண்டாம். குழுவின் பூர்வகுடி உறுப்பினர்களிடம் விடுங்கள். நியூ சவுத் வேல்ஸில் உள்ளூர் நிலக் கவுன்சிலையும், விக்டோரியாவில் அந்தப் பகுதியின் பதிவுபெற்ற பூர்வகுடி அமைப்பையும் கேட்கலாம். ஒரே நிலத்துக்கு இரண்டு குழுக்கள் உரிமை சொல்லும் இடங்கள் உண்டு. தீர்ப்புச் சொல்வது நம் வேலையில்லை. மெல்பர்னில் இருப்பவர்கள் பழைய உரைத் தாளை அப்படியே வாசிக்காதீர்கள்: வுருண்ட்ஜெரி, புனுரோங் என்ற இரு பூர்வகுடிக் குழுக்களின் நில எல்லை 2021 ஜூலை 1 முதல் மாற்றி வரையறுக்கப்பட்டிருக்கிறது.

நல்லிணக்க வாரம் மே 27 முதல் ஜூன் 3 வரை. பூர்வகுடியினரை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க வழிவிட்ட 1967 வாக்கெடுப்பின் நாளில் தொடங்கி, அவர்களின் நில உரிமையை ஏற்ற 1992 மாபோ தீர்ப்பின் நாளில் முடிகிறது. அந்த வாரத்துக்கு மே மாதம் போன் செய்தால் ஒருவரும் கிடைக்கமாட்டார்கள். பிப்ரவரியிலேயே கேட்டுவிடுங்கள்.

எங்கள் குழுவில் ஒன்பது பேர். நான்கு பேர் பூர்வகுடியினர். அவர்கள் பல கூட்டங்களுக்கு வருவதில்லை. விதிப்படி மூன்று கூட்டம் தவறினால் பதவி போய்விடும். என்ன செய்வது?
– வாசகர், அடிலெய்ட்

விதியைத் திருத்துங்கள், ஆட்களை அல்ல. பூர்வகுடிச் சமூகங்களில் ஒரு மரணம் என்றால் 'சாரி பிஸினஸ்' எனப்படும் துக்கச் சடங்குகள் நாள்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் நீளும். தொலைவில் உள்ள சொந்த ஊருக்குப் போகவேண்டி வரும். அதோடு, அதே நால்வரைத்தான் உள்ளூர்ப் பள்ளி, மருத்துவமனை, நகராட்சி எல்லாமே ஆலோசனைக்கு அழைத்துக்கொண்டிருக்கும். பல அமைப்பு விதிகள் "குழுவின் அனுமதியின்றி" வராதவரைத்தான் நீக்குகின்றன. அனுமதி கொடுத்ததாக மினிட்ஸில் ஒரு வரி போதும். அதையும் ஒவ்வொரு முறையும் கேட்கவைக்காமல், துக்க விடுப்பு தானாகவே அனுமதிக்கப்பட்டது என்று ஒரு நிரந்தரத் தீர்மானம் நிறைவேற்றிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று தெரிகிறது. ஒன்பது பேரில் கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்) ஐந்து என்றால், மற்ற ஐவர் மட்டும் கூடி எதையும் நிறைவேற்றலாம். சட்டப்படி கூட்டம் செல்லும். பூர்வகுடியினர் ஒருவர்கூட இல்லாமல் நல்லிணக்க அமைப்பு முடிவெடுத்தது என்ற பேச்சு வெளியே போனால் அமைப்பின் பெயர் மீளாது. ஐவரில் இருவராவது பூர்வகுடி உறுப்பினராக இருக்க வேண்டும் என்று கோரம் பற்றிய விதியைச் சிறப்புத் தீர்மானத்தால் மாற்றலாம். அப்போது மறுபக்கச் சிக்கல் வரும்: நால்வரும் ஒரே இறுதிச் சடங்கில் இருந்தால் வாடகைகூடக் கட்ட முடியாது. எனவே பட்ஜெட்டில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவுகளை, ஒரு வரம்புக்குள், இரண்டு பேர் கையொப்பத்தில் செலுத்தும் அதிகாரத்தைத் தனியாகக் கொடுத்து வையுங்கள். கலாசாரம் தொட்ட எந்த விஷயமும் அவர்கள் திரும்பும்வரை காத்திருக்கட்டும்.

இறந்தவரின் பெயரையோ படத்தையோ செய்திமடலில் போடும் முன் குடும்பத்தைக் கேளுங்கள். பல சமூகங்களில் அது கூடாது.

நாங்கள் நிதி கொடுக்கும் இளைஞர் திட்டத்தை நடத்துவது குழு உறுப்பினர் ஒருவரின் அக்கா. இது தப்பில்லையா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

உறவு தப்பில்லை, மறைத்தால்தான் தப்பு. சிறிய சமூகத்தில் எல்லோரும் எல்லோருக்கும் உறவுதான். நம் ஊர்ச் சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உறவை அறிவிக்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், அந்த உருப்படி வரும்போது அவர் அறையைவிட்டு வெளியேற வேண்டும், எத்தனை மணிக்குப் போனார், எப்போது திரும்பினார் என்பது மினிட்ஸில் இருக்க வேண்டும். ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் தொடர்புடையவர்களுடனான கொடுக்கல் வாங்கல் பற்றிக் கேள்வி வருகிறது. இதே விதி உங்கள் மைத்துனரின் கேட்டரிங் பில்லுக்கும் பொருந்தும். பூர்வகுடி உறுப்பினரின் உறவை மட்டும் துருவிக் கேட்கும் குழுக்களை என்னவென்று சொல்வது!

பூர்வகுடியினரின் 'குரல்' அமைப்பை அரசியல் சாசனத்தில் சேர்ப்பது பற்றிய 2023 வாக்கெடுப்புக்குப் பிறகு எங்கள் குழுவே பிளவுபட்டிருக்கிறது. தொண்டு அமைப்பு அரசியல் பேசலாமா?
– வாசகர், பெர்த்

2023 அக்டோபர் 14 அன்று ஆறு மாநிலங்களுமே 'இல்லை' என்றன. உங்கள் உறுப்பினர்கள் இரு பக்கமும் வாக்களித்திருப்பார்கள் என்பதில் வியப்பில்லை. சட்டம் தெளிவு: 2013-ஆம் ஆண்டுத் தொண்டு அமைப்புச் சட்டத்தில் மக்கள் குழுக்களிடையே நல்லிணக்கத்தை வளர்ப்பதே ஒரு தொண்டு நோக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த நோக்கத்துக்காகச் சட்டத்தையோ கொள்கையையோ மாற்றச் சொல்லிக் குரல் கொடுக்கலாம். ஒரு கட்சியையோ வேட்பாளரையோ ஆதரிப்பதோ எதிர்ப்பதோ நோக்கமாக இருக்கக்கூடாது. நடைமுறையில் சண்டை வருவது, யாரோ ஒருவர் இரவில் அமைப்பின் முகநூல் பக்கத்தில் எழுதிவிடுவதால். எந்த அறிக்கையும் இரு இணைத் தலைவர்களின் எழுத்துபூர்வ ஒப்புதலுக்குப் பிறகே வெளியாகும் என்று கொள்கை வகுத்து, பாஸ்வேர்டை இரண்டு பேரிடம் மட்டும் வையுங்கள்.

டி-ஷர்ட்டில் பூர்வகுடிக் கொடி அச்சிடலாமா?
– மாணவர், சிட்னி

அச்சிடலாம். 1971-இல் ஹரோல்ட் தாமஸ் வரைந்த கொடியின் பதிப்புரிமையை மத்திய அரசு 2022 ஜனவரியில் 2 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிவிட்டது. டோரஸ் நீரிணைத் தீவினர் கொடிக்கு அப்படியில்லை. அவர்களுடைய பிராந்தியக் கவுன்சிலிடம் அனுமதி பெற வேண்டும். ஓவியர் வரைந்த படம் என்றால் எங்கே, எத்தனை பிரதிகள், எவ்வளவு காலம் என்று எழுதி ஒப்பந்தம் போடுங்கள். போஸ்டருக்கு வாங்கிய படம் கோப்பைகளுக்கும் பைகளுக்கும் போகக்கூடாது.

பொருளாளர் பதவியிலிருந்து விலக நினைக்கிறேன். சொல்லிவிட்டு வந்தால் போதுமா?
– வாசகர், கான்பெரா

போதாது. தேதியிட்ட விலகல் கடிதம் கொடுத்து, அது மினிட்ஸில் ஏறியதா என்று பாருங்கள். கடைசி வங்கிச் சமரசக் கணக்கு, நிலுவையில் உள்ள மானியங்களின் பட்டியல், அடுத்த கெடுத் தேதிகள் மூன்றையும் ஒரே தாளில் எழுதி அடுத்தவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் இருந்த காலத்து முடிவுகளுக்கான பொறுப்பு விலகியதும் மறைந்துவிடாது. காப்பீடு விலகியவர்களையும் காக்கிறதா என்று கேட்டுவைப்பது நல்லது. ஏ.சி.என்.சி. பதிவேட்டில் உங்கள் பெயர் நீங்கியதை நீங்களே போய்ப் பாருங்கள். வங்கியில் கையொப்பமிடும் உரிமை நீங்கியதற்கு எழுத்தில் உறுதி வாங்குங்கள். பெரும்பாலும் மறந்துபோவது இந்தக் கடைசி வேலைதான்.