பூத்த கொத்தமல்லியைக் கிள்ளினால் இலை வருமா?

விதைத்து ஆறு வாரத்தில் கொத்தமல்லி பூத்துவிட்டது, தண்டைக் கிள்ளினால் மறுபடி இலை வருமா என்று கேட்டிருந்தீர்கள். வராதுங்க. பூப்பது நாலு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். நடுத்தண்டு நீண்டு, அகல இலைக்குப் பதிலாகச் சோம்புச் செடி மாதிரி நூல் நூலாக வருகிறதா? அப்படியென்றால் செடி விதைக்குத் தயாராகிவிட்டது. வெயிலும் நீண்ட பகலும்தான் பெரும்பாலும் காரணம்.

அடியிலைகளை இன்றே பறித்துவிடுங்கள். இரண்டு மூன்று செடியை மட்டும் விட்டுவையுங்கள், தேனீ வரும். பச்சைக் காயில் ஒன்றைக் கடித்துப் பாருங்கள், இலையைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். மீதி பழுப்பானதும் விதைக்கு.

அப்புறம், மொத்தத்தையும் ஒரே நாளில் விதைக்காமல் மூன்று வாரத்துக்கு ஒரு பிடி, மதிய நிழல் விழும் இடத்தில், நேராக மண்ணிலேயே விதையுங்கள். பிடுங்கி நட்டால் இன்னும் சீக்கிரம் பூக்கும்.